வெண்ணெய்க்காலும் லாரி பிரேக்கும்

மருத்துவமனையில் அமரர் ஊர்தி ஓட்டிய டிரைவருக்கு அங்கே எல்லாரும் வைத்திருந்த பெயர் வெண்ணெய்க்கால். அவர் ஓட்டினால் வேகத்தடை வந்து போனதே பின்னால் இருப்பவர்களுக்குத் தெரியாது. பிரேக்கை மிதிக்க மாட்டார், தடவிக் கொடுப்பார். உள்கண்ணாடியைக் கூரைப் பக்கம் திருப்பி வைத்திருப்பார். அழுகிறவர்களைப் பார்ப்பது தன் வேலையில்லை, குலுக்காமல் கொண்டுபோவதுதான் வேலை என்பது அவர் கணக்கு.

மனைவி இறந்த அன்றும் அவரேதான் ஓட்டினார். வேறு டிரைவர் வந்து சாவி கேட்டதற்குக் கொடுக்கவில்லை. மயானத்துக்குப் போகிற சாலை குண்டும் குழியுமானது. பெட்டியின் மேல் வைத்த மாலை கூட இடம் மாறவில்லை. எல்லாம் முடிந்து வெளியே வந்தபோது மச்சான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "தூங்குற குழந்தையைத் தூக்கிட்டு வந்த மாதிரி கொண்டாந்துட்டீங்க, மாமா" என்றார். வந்தவர்கள் எல்லாரும் அதையே வேறு வேறு விதமாகச் சொன்னார்கள்.

அன்றிலிருந்து அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. சொட்டாத குழாயை இறுக்குவார். ஓடுகிற மின்விசிறியை நிறுத்திவிட்டு மறுபடி போடுவார். வாசல் வரை போவார், எதற்கு வந்தோம் என்று நின்றுவிட்டுத் திரும்புவார். ஊர்தியின் சாவியை மட்டும் கையால் தொடவில்லை. விடுப்பில் இருந்தார்.

மகள் ஒரு தொழிற்சாலையில் கம்ப்ரசர்களைப் பராமரிப்பவள். வேலை முடிந்து வந்ததும் சொன்னாள்: "ஒரு இடத்துல உக்காருங்களேன்ப்பா. உங்களைப் பாத்துப் பாத்து எனக்குத் தலை சுத்துது."

"உக்காந்துதானேம்மா இருக்கேன்" என்றார், நின்றுகொண்டே. பிறகு, "நான் லாரி லைசென்ஸ் எடுக்கப் போறேன்" என்றார்.

"இந்த வயசுலயா?"

"என்கிட்ட இருக்கிறது கார் லைசென்ஸ். அதுல எதை ஓட்டினாலும் பின்னால மனுஷங்க இருப்பாங்க. லாரின்னா ஜல்லி, சிமெண்ட். எதுவும் அழாது."

ஜல்லிக் கிடங்கு முதலாளி வேலை தருவதாகச் சொல்லியிருந்தார். லைசென்ஸோடு வரவேண்டும், அவ்வளவுதான். மருத்துவமனை மேற்பார்வையாளரோ மாதக் கடைசிக்கு மேல் விடுப்பு நீளாது என்று கறாராகச் சொல்லிவிட்டார். அதற்குள் லைசென்ஸ் கைக்கு வராவிட்டால் பழையபடி ஊர்திதான்.

டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் அவரைவிட வெகு இளையவர், வாய் மூடாதவர். காரிலிருந்து லாரிக்கு வருகிறவர்கள் எல்லாரும் ஏறி உட்கார்ந்ததும் உள்கண்ணாடியைச் சரி செய்யக் கையைத் தூக்குவார்களாம். லாரியில் அது கிடையாது. வெறும் காற்றைத் துழாவிவிட்டு அசடு வழிவார்களாம். இவர் கை மேலே போகவே இல்லை.

"அட, லாரி முன்னாலயே பழக்கமா, அண்ணே?"

"பின்னால பாக்குற பழக்கம் இல்ல, மாஸ்டர்."

மற்றதெல்லாம் சீக்கிரமே பிடிபட்டது. திருப்பத்தில் பின்சக்கரம் நடைபாதையில் ஏறாமல் அகலமாக வளைத்தார். பக்கக் கண்ணாடிகளை மட்டும் வைத்துக்கொண்டு பின்னோக்கி எடுத்தார். பிரேக்கில்தான் வம்பு வந்தது. மாஸ்டர் "நிறுத்து!" என்று கத்தினால் லாரி யோசித்து, மனசு வந்து, பிறகுதான் நின்றது.

"அண்ணே, இது லாரி, தொட்டில் இல்ல. ஓங்கி ஒரு மிதி மிதிங்க. என் தலை போய்க் கண்ணாடியில முட்டணும்!"

"முட்டினா வலிக்குமே?"

"வலிக்கட்டும்! காசு வாங்கிட்டுத்தானே உக்காந்திருக்கேன்!"

முதல் தேர்வில் ஆய்வாளர் எதிர்பாராத நேரத்தில் டாஷ்போர்டைத் தட்டினார். தட்டியதும் நிறுத்த வேண்டும். லாரி வழுக்கிக்கொண்டே போய்க் கோட்டைத் தாண்டி, பிளாஸ்டிக் கூம்பு ஒன்றைப் பம்பருக்கு அடியில் போட்டுக்கொண்டு நின்றது. ஆய்வாளர் கீழே இறங்கி, நசுங்கிய கூம்பை எடுத்துக் காட்டினார்.

"பெரியவரே, இது ஒரு ஆளா இருந்தா?"

மாஸ்டருக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "இவரே கூட்டிட்டுப் போயிருப்பாரு, சார். பழைய வண்டி இருக்குல்ல."

ஆய்வாளர் சிரிக்கவில்லை. விடுப்பு முடிவதற்கு முந்தின நாளுக்கு மறு தேர்வு கொடுத்தார்.

வீட்டில் மகள் விளக்கினாள். "கார்ல உங்க கால் அழுத்துற அழுத்தம் நேரா பிரேக்குக்குப் போகுதுப்பா. லாரியில அப்படி இல்ல. கால் ஒரு வால்வைத் திறக்குது, அவ்வளவுதான். சக்கரத்தைப் பிடிக்கிறது காத்து. நீங்க திறந்து விடுங்க, மீதியைக் காத்து பாத்துக்கும்."

"தெரியாம இல்லம்மா."

"அப்புறம் என்ன?"

அடுக்களை வாசலுக்கும் ஜன்னலுக்குமாக நடந்துகொண்டிருந்தவர் நின்றார்.

"அன்னிக்குப் பின்னால உங்கம்மா இருந்தா. இந்தக் கால் ஒரு தடவையாவது தடுமாறியிருக்கணுமா இல்லையா? எப்பவும்போல அது பாட்டுக்கு அது வேலையைப் பாத்துச்சு. எல்லாரும் மெச்சினாங்க. மனுஷன் காலாம்மா இது?"

மகள் எழுந்து போய்ச் சொட்டாத குழாயை இறுக்கினாள்.

மறு தேர்வன்று வெயில் கொளுத்தியது. அதே திடல், அதே வெறும் லாரி. ஆய்வாளர் பக்கத்தில் ஏறிக்கொண்டார். மாஸ்டர் கொட்டகை நிழலில் நின்றார். வெண்ணெய்க்கால் கியரை மாற்றினார், வேகம் எடுத்தார். உள்ளங்கை ஸ்டீயரிங்கில் வழுக்கியது. ஆய்வாளர் பேச்சுக் கொடுத்துக்கொண்டே வந்து, பாதி வாக்கியத்தில் டாஷ்போர்டை ஓங்கித் தட்டினார்.

கால் வழக்கம்போலத் தடவப் போனது. அவர் விடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு முழு மூச்சாக மிதித்தார்.

லாரி அலறிக்கொண்டு நின்றது. ஆய்வாளரின் பேனா பறந்தது. தண்ணீர்ப் பாட்டில் உருண்டு இருக்கைக்கு அடியில் போனது. பின்னால் கழன்று கிடந்த சங்கிலி ஒன்று சரக்குத் தட்டின் முழு நீளத்துக்கும் சரிந்து வந்து கேபின் சுவரில் இடித்தது. அந்தச் சத்தம் அவர் முதுகில் இறங்கியது. எழும்பிய புழுதி அடங்கியபோது கூம்புகள் எல்லாம் கோட்டில் அப்படியே நின்றன.

"ஆங், இது பிரேக்" என்றார் ஆய்வாளர், நெஞ்சைத் தடவிக்கொண்டு. "பாஸ். இறங்குங்க."

அவர் இறங்கவில்லை. மிதித்த கால் நடுங்கத் தொடங்கியிருந்தது. தொடையிலிருந்து விரல் வரை நடுக்கம் ஓடியது. கால் பிரேக்கின் மேலேயே இருந்ததால் ஒவ்வொரு நடுக்கத்துக்கும் லாரி புஸ், புஸ் என்று காற்றை விட்டது.

மாஸ்டர் ஓடி வந்து கதவைத் திறந்தார். "பாஸாகிட்டீங்கண்ணே! இருக்கிற காத்தையெல்லாம் விட்டுத் தீத்துடாதீங்க. காலை எடுங்க!"

"வர மாட்டேங்குது."

"பயந்துட்டீங்களா என்ன?"

"இல்ல மாஸ்டர்." அவர் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவில்லை. "கொஞ்சம் இருங்க. ஆடட்டும்."

அடுத்துத் தேர்வுக்கு வந்தவர் கீழே காத்துக்கொண்டு நின்றார். மாஸ்டர் சுற்றி வந்து, ஆய்வாளர் இறங்கிய மறுபக்க இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. காற்றழுத்த முள் இறங்குவதும் மறுபடி ஏறுவதுமாக இருந்தது. கால் ஆடிக்கொண்டிருந்தது.