சாப்பிட்டுவிட்டு வந்த மதினிக்கு அடுக்குத் தயிர்

"பிடிக்கலேன்னா வீட்டுலயே சாப்பிட்டுட்டு வாங்க மதினி."

சொன்னது நான்தான். எழுபதுகளின் நடுவில், தூத்துக்குடி மில்லர்புரத்து வாடகை வீட்டில், கல்யாணமாகி நாற்பது நாள்கூட ஆகாத புதுப்பெண் நான். கேட்டுக்கொண்டு தட்டின் முன் உட்கார்ந்திருந்தது என் கணவரின் அக்கா. சாத்தான்குளத்திலிருந்து பஸ் ஏறி, எங்கள் குடித்தனத்தைப் பார்க்க வந்தவள். என் தயிரைச் சோற்றில் ஊற்றிப் பார்த்துவிட்டு, "ஏளா, இது தயிரா? இதுல தோணி விடலாமே" என்றாள். அதுகூடப் பரவாயில்லை. பக்கத்திலிருந்த என் கணவர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்புதான் என் வாயைத் திறந்தது.

மதினி தட்டில் ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டாள், கை கழுவினாள், குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். எங்கள் பக்கத்தில் வாசலுக்கு வந்தவரைச் சாப்பிடச் சொல்லாத வீடு கிடையாது. சாப்பிட்டுவிட்டு வா என்று சொன்ன வீடும் அன்றுவரை கிடையாது. முதல் வீடு எங்களுடையது.

பத்து மாதம் அவள் வரவில்லை. தாயில்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவள், மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்துகொண்டே அவரைப் படிக்க வைத்தவள். மாதம் ஒரு கடிதம் அவருக்கு வரும். கடைசி வரியில் 'அவளையும் கேட்டதாகச் சொல்' என்று இருக்கும். அவள் என்றால் நான். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆராதனை முடிந்து வந்ததும் என் கணவர் சட்டையைக் கழற்றாமல் வாசல் கேட்டில் கை வைத்து நிற்பார். எதற்கு நிற்கிறீர்கள் என்று நான் கேட்டதில்லை. அவரும் என்னைத் திட்டியதில்லை. திட்டியிருந்தால் நானும் திருப்பித் திட்டி, அழுது, அன்றைக்கே முடித்திருப்பேன்.

மே மாதம் ஒரு சாயங்காலம் துறைமுக ஆபீஸிலிருந்து வந்தவர், சைக்கிளை நிறுத்தும் முன்பே சொன்னார்.

"அக்கா சனிக்கிழமை கண் டாக்டரைப் பாக்க வாரா. இங்கனயும் ஒரு எட்டு எட்டிப் பாப்பாளாம்."

"சாப்பிடுவாங்கல்லா?"

அவர் சைக்கிள் மணியைத் துடைக்க ஆரம்பித்தார். "சாப்பிட்டுட்டுத்தான் வருவேன்னு சொல்லுதா."

ஆக, சோறு கிடையாது. இட்லி, இடியாப்பம், முறுக்கு எல்லாமே சாப்பாட்டுக் கணக்கில் வந்துவிடும். காப்பி அவள் குடிக்கமாட்டாள். சாப்பிட்டுவிட்டு வந்த ஒருத்திக்கு, அவள் வைராக்கியம் உடையாமல், என்ன கொடுக்கலாம்? யோசித்துக்கொண்டே அடுக்களை அலமாரிக் கதவைத் திறந்தேன். உள்பக்கம் நான் ஒட்டிவைத்த படம் என்னைப் பார்த்தது.

வெளிநாட்டுக் கப்பல் ஒன்றின் சமையல்காரர் என் கணவருக்குக் கொடுத்த பழைய பத்திரிகையின் பக்கம் அது. உயரமான கண்ணாடித் தம்ளர். அடியில் வெள்ளை, அதன்மேல் மஞ்சள், அதன்மேல் சிவப்பு, மறுபடி வெள்ளை, உச்சியில் ஏதோ பொடிப்பொடியாய் மொறுமொறுப்பு. தயிரும் பழமும் என்று மட்டும் புரிந்தது. ஆங்கிலப் பெயரை அவர் ஒரு மாதிரி வாசித்தார், நான் ஒரு மாதிரி வாசித்தேன். ஒருவர் வாசிப்பில் மற்றவருக்கு நம்பிக்கையில்லை. அடுக்குத் தயிர் என்று வைத்துக்கொண்டோம். அது சாப்பாடும் இல்லை, பலகாரமும் இல்லை, குடிக்கிறதும் இல்லை. எந்தச் சபதத்திலும் அதற்கு இடம் இருக்காது.

"மறுபடியும் தயிரா?" என்றார் அவர், பயந்துபோய்.

"தயிராலதான போனாங்க. தயிராலயே வரட்டும்."

அடுக்கு நிற்கவேண்டும் என்றால் தயிர் கெட்டியாக இருக்கவேண்டும். கண்ணாடிக்குள் எதையும் ஒளிக்க முடியாது. என் பிறந்த ஊர் கொற்கைக்குப் பக்கம். ஒரு காலத்தில் முத்து எடுத்த துறைமுகம் என்பார்கள். எனக்குத் தெரிந்து நாங்கள் எடுத்ததெல்லாம் நெல்லும் வாழைத்தாரும்தான். அம்மா மண்சட்டியில் தயிர் தோய்ப்பாள். மண் தண்ணீரைக் குடித்துவிடும், தயிர் கத்தியால் அறுக்கிற மாதிரி நிற்கும். தெருவில் பதநீர் விற்க வருகிற பெண்ணிடம், பதநீர் பிடித்த பழைய மண்கலயம் ஒன்று கேட்டு வாங்கினேன். முகர்ந்தால் அப்படி ஒரு இனிப்பு வாசம். மூன்று தடவை கழுவினேன். எருமைப்பாலைக் காய்ச்சி, விரல் பொறுக்கிற சூட்டில் உறை ஊற்றி, துணி கட்டி, வெள்ளிக்கிழமை விளக்கு வைத்ததும் மூலையில் வைத்தேன்.

சனிக்கிழமை விடிந்ததும் துணியை அவிழ்த்தேன். பால். தண்ணீர்த் தயிர்கூட இல்லை. கலயத்தைச் சாய்த்தால் சாய்கிறது, நிமிர்த்தினால் நிமிர்கிறது, சாதுவான வெறும் பால்!

நான் போட்ட சத்தத்தில் அவர் பாதி முகம் சோப்பு நுரையோடு ஓடி வந்தார். எட்டிப் பார்த்தார். மிச்சப் பாதியைச் சிரைக்காமலே முகத்தைத் துடைத்துவிட்டு, தூக்குவாளிகளை ஹேண்டிலில் மாட்டி, சைக்கிளை மிதித்தார். ஏழு மணிக்குள் நான்கு வீட்டுத் தயிர் வந்து சேர்ந்தது. ஒன்று புளிப்பு, ஒன்று பால்வாடை, ஒன்று பரவாயில்லை, ஒன்றில் கறிவேப்பிலை மிதந்தது.

"எதுத்த வீட்டு அண்ணாச்சி தாளிச்சுட்டாராம். மேல கொஞ்சம்தான்" என்றார் குற்றவாளிபோல.

கறிவேப்பிலையைப் பொறுக்கிவிட்டு எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டினேன். தண்ணீர் வடியத் துணி வேண்டும். அவருடைய கல்யாண வேட்டிதான் சுத்தமாக இருந்தது. மடித்து, தயிரை ஊற்றி, முடிந்து, உத்தரத்துத் தொட்டில் கொக்கியில் கட்டித் தொங்கவிட்டோம். கீழே ஒரு பித்தளைப் போணி. சொட்டு, சொட்டு. மேற்கு ஜன்னலைத் திறந்தேன். கச்சான் காற்று உள்ளே நுழைந்து வேட்டி மூட்டையை ஆட்டிப் பார்த்தது. ஆட்டட்டும், சீக்கிரம் காயும்.

அப்புறம் அந்தக் காலைநேரம் எங்களைத் தூக்கிக்கொண்டு போனது. நான் நுங்கின் தோலை உரிக்கிறேன், கண்ணீர்போல ஒரு துளி உள்ளேயிருந்து வழிந்து முழங்கை வரை ஓடுகிறது. அவர் மாம்பழத்தைச் சின்னச் சின்னக் கட்டமாக வெட்டுகிறார், ஆபீஸில் ரூல் போடுகிற கவனத்தோடு. வெட்டுவதைவிட வாய்க்குப் போவது அதிகம். கல்யாணத்துக்கு வந்த ஆறு கண்ணாடித் தம்ளர்களை வைக்கோலிலிருந்து வெளியே எடுத்தோம். படத்தில் இருந்த சிவப்புப் பழத்துக்கு எங்களிடம் ஒன்றும் இல்லை. அந்த இடத்துக்குக் கருப்பட்டிப் பாகு. உச்சியில் மொறுமொறுப்புக்கு? தூத்துக்குடியில் இருந்துகொண்டு யோசிக்கவா வேண்டும். பேக்கரி மக்ரூன் இருக்கிறது. முந்திரியும் முட்டை வெள்ளையும் சேர்ந்த அந்த வெள்ளைக் கூம்புகளை உள்ளங்கையில் நொறுக்கினேன். பத்து மாதத்தில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்துக்கொண்டே ஒரு வேலை செய்தது அன்றைக்குத்தான்.

பதினொன்றுக்கு வரவேண்டியவள் பத்துக்கே வந்துவிட்டாள்.

வாசலில் குடையை ஊன்றி நின்று, உள்ளே வராமலே சொன்னாள்: "நான் சாப்பிட்டுட்டுத்தான் வந்தேன்."

"வாங்க மதினி" என்றேன்.

கண்ணில் சொட்டு மருந்து விட்டிருந்தார்கள். கண்பாப்பா விரிந்து, வெளிச்சம் பட்டால் கூசி, ஒரு கையால் நெற்றியை மறைத்துக்கொண்டு அவள் வீட்டை உற்று உற்றுப் பார்த்தாள். பார்வை உத்தரத்தில் வந்து நின்றது. குடை கீழே விழுந்தது.

"ஏலே!" தம்பியின் தோளைப் பிடித்து உலுக்கினாள். "தொட்டில் கெட்டியிருக்கிய! எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையாலே?" சொல்லிக்கொண்டே செருப்பை உதறி, உள்ளே வந்து, வேட்டி மூட்டையை இரண்டு கையாலும் ஏந்தினாள். "என்னளா, பிள்ள இப்படி நனைச்சு வச்சிருக்கு?"

"அது தயிரு, மதினி."

கையை முகர்ந்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன்: படம், கலயம், நான்கு வீடு, கறிவேப்பிலை உட்பட. "அந்தக் கலயத்தக் கொண்டா" என்றாள். உள்பக்கத்தை நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்தாள். அவ்வளவுதான், சுவரில் சாய்ந்து சிரிக்கத் தொடங்கினாள். மருந்துக் கண்ணிலிருந்து தண்ணீராகக் கொட்டியது.

"சுண்ணாம்புளா! பதநீரு புளிக்கக் கூடாதுன்னு பனையில கெட்டும்போதே உள்ள தடவுவாவ. புளிக்க விடாத பாத்திரத்துல போயி தயிரு தோச்சிருக்கியே, வயக்காட்டுப் பிள்ள! ஏலே, நீ பனங்காட்டுல பொறந்தவன்தான, ஒனக்குமா தெரியல?"

"நான் தம்ளர கழுவிட்டு இருந்தேன்க்கா" என்று வாய்க்கு வந்த சாக்கைச் சொன்னார் அவர்.

"கழுவுன. கிழிச்ச."

மூட்டையை இறக்கி அவிழ்த்தபோது நான்கு வீடும் கலந்து, ஒரே வெள்ளையாக, கரண்டியில் எடுத்தால் விழாமல் நின்றது. தயிர், நுங்கு, தயிர், மாம்பழம், பாகு, தயிர், மக்ரூன். என் ஆயுளில் அத்தனை அழகாக நான் எதையும் செய்ததில்லை. நீட்டினேன். மதினி தம்ளரைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனாள், தள்ளிப் பிடித்தாள், தலையை ஆட்டினாள்.

"ஒண்ணும் தெரியலளா. பனி மூட்டம் மாதிரி இருக்கு."

அடுக்கு அடுக்காகக் கண்ணுக்கென்று செய்தது. அதற்கா இந்தக் கதி! நான் அழப்போகிறேன் என்று தெரிந்தோ என்னவோ, அவள் ஸ்பூனை அடிவரைக்கும் செலுத்தி எடுத்து வாயில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டாள். வகுப்பில் பிள்ளைகளிடம் கேட்பதுபோல விரல் விட்டு எண்ணிச் சொன்னாள்.

"நுங்கு. மாம்பழம். இது... நம்ம கருப்பட்டி. இது என்ன, கடுக்கு மொடுக்குன்னு... ஏலே, மக்ரூன்லா!"

"தயிரு, மதினி?" என்றேன்.

ஸ்பூன் நின்றது. அந்தப் பழைய வாக்கியம் எங்கள் மூன்று பேருக்கும் நடுவில் வந்து உட்கார்ந்தது. "அன்னைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்று ஆரம்பித்தேன். முடிக்க விடவில்லை.

"இதுல தோணி போவாது" என்றாள். "தரை தட்டிரும்."

இந்தத் தடவை அவர் சிரித்தபோது நான்தான் முதலில் சிரித்திருந்தேன்.

இரண்டாவது தம்ளரையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். கிளம்பும்போது, குடையைத் தேடிக் கையில் கொடுத்த என்னை, சரியாகத் தெரியாத கண்ணால் நேராகப் பார்த்தாள்.

"அடுத்த சனிக்கிழமை கண்ணாடி வாங்க வரணும். இதக் கண்ணாலயும் ஒரு தடவ பாக்கணும்லா? காலையிலயே வந்துருவேன்." படியில் ஒரு கால் வைத்துத் திரும்பினாள். "சாப்பிடாமதான் வருவேன், ஏளா. சோறு கொஞ்சம் கூடப் போட்டு வையி."

அவர் கேட் பக்கத்தில் அவளைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார். நான் தயிர் கட்டிய வேட்டியை அலசப் போட்டேன். பாகு ஊற்றும்போது சிந்திய கருப்பட்டிக் கறை வேட்டிக் கரையில் ஏறியிருந்தது. எத்தனை வெளுத்தும் போகவில்லை. போகவேண்டும் என்று நானும் ரொம்பக் கசக்கவில்லை.