பேசக்கூடாத ஏழு நாள்

எங்கள் டெப்போவில் அவனுக்கு ஸ்பீக்கர் என்று பெயர். கண்டக்டருக்கு அது வசவு அல்ல, பாராட்டு. பத்தொன்பது வருடம் அவன் பின்னால் நின்று கத்த, நான் முன்னால் உட்கார்ந்து பஸ் ஓட்டினேன். விசிலை வாரத்துக்கு ஒன்று தொலைப்பான். அதனால் பஸ்ஸின் தகரத்தில் கையால் தட்டித்தான் எனக்குச் சொல்வான். ஒருமுறை தட்டினால் நிறுத்த வேண்டும், இருமுறை தட்டினால் எடுக்க வேண்டும். ஏன், எதற்கு என்று நான் திரும்பிப் பார்த்ததே கிடையாது.

கத்திக் கத்தித்தானோ என்னவோ, அவன் தொண்டையில் குரல் நாணில் ஒரு சதை வளர்ந்தது. ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். ஏழு நாள் ஒரு சொல் பேசக்கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது என்றார் டாக்டர். டெப்போவில் ஆளாளுக்குச் சிரித்தார்கள். இனி ஒரு வாரம் பயணிகள் நிம்மதியாகத் தூங்கலாம் என்று நான்தான் முதலில் கிண்டலடித்தேன்.

அவனுக்குப் பென்சிலின் ஒத்துக்கொள்ளாது. ஒரு தடவை பல்வலிக்குப் போட்ட ஊசியில் முகம் வீங்கி, மூச்சடைத்து, மயிரிழையில் பிழைத்தவன். ஆஸ்பத்திரியில் சேரும்போது அதை மூன்று பேரிடம் சொன்னான். மூன்றாவது முறை சொன்னபோது அவன் மனைவி சட்டையைப் பிடித்து இழுத்தாள். "எத்தன தடவைங்க சொல்லுவீங்க? அவங்க கோவிச்சுக்கிட்டா அப்புறம் நம்மள யாரு கவனிப்பா?" எனக்கும் அவள் சொன்னது சரியாகத்தான் பட்டது. அவர்கள் எழுதிக்கொண்டதைப் பார்த்தேன். இனி அவர்கள் பாடு என்று அதை அத்தோடு மறந்தும் போனேன்.

இரண்டாம் நாள் அவனை மாடி வார்டுக்கு மாற்றினார்கள். மனைவி குளித்துவிட்டு வர வீட்டுக்குப் போயிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நர்ஸ் மருந்து ஏற்றிய சிரிஞ்சைத் தட்டில் வைத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்தாள். நாற்பது கட்டிலுக்கு அவள் ஒருத்திதான், பாவம். வலது கையில் குத்தி வைத்திருந்த குழாய் வழியாக மருந்தைச் செலுத்த வேண்டும். இவன் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டான். தலையை ஆட்டினான். ஜன்னல் பக்கம் காட்டினான். நான் எழுந்து போய் ஜன்னலைத் திறந்துவிட்டேன். அதன் விளிம்பில்தான் அவன் எழுதிக் காட்டும் நோட்டு இருந்தது. அது என் கண்ணில் பட்டால்தானே!

லேசாக எரியும், அவ்வளவுதான், பயப்படாதீர்கள் என்றாள் நர்ஸ். ஊசிக்குப் போய் இப்படி நடுங்குகிறாயே என்று நானும் சேர்ந்து சிரித்தேன். சிரித்ததோடு விட்டேனா? அவன் மணிக்கட்டைப் பிடித்து அவளிடம் நீட்டிக் கொடுத்தேன். அவன் என்னைப் பார்த்தான். இடது கையால் கட்டிலின் இரும்புக் கம்பியில் தட்டினான். ஒரே ஒருமுறை.

என் வலது கால் தானாகத் தரையை அழுத்தியது. பிடித்திருந்த விரல்கள் விட்டுப்போயின.

"சிஸ்டர், நிறுத்துங்க" என்றேன். எதற்கு என்று எனக்கே தெரியாது. "அவன் என்னமோ சொல்றான். சொல்லி முடிக்கட்டும்."

அவள் முகம் சுளித்தாள், ஆனால் கையை எடுத்துவிட்டாள். அப்போதுதான் ஜன்னல் விளிம்பில் இருந்த நோட்டு எனக்குத் தெரிந்தது. எடுத்துக் கொடுத்தேன். இடது கையால் கோணல்மாணலாக எழுதினான்: "என்ன மருந்து? எனக்குப் பென்சிலின் ஆகாது." நர்ஸ் அதைப் படித்தாள். தட்டிலிருந்த மருந்துக் குப்பியை எடுத்துப் பார்த்தாள். முகம் வெளிறிப்போய்க் கீழே ஓடினாள். கீழ் வார்டுச் சீட்டில் அது சிவப்பு மையில் இருந்ததாம். மேலே வந்த புதுச் சீட்டில் அந்தக் கட்டம் காலி.

திரும்பி வந்தவள் அவனிடமே சொன்னாள். "நான் கேட்ருக்கணும். கேக்கல. நாளைக்கு வேற யாராவது வருவாங்க. கோவிச்சுக்கிட்டாலும் பரவால்ல, என்ன மருந்துன்னு கேக்காம கையக் குடுக்காதீங்க." அதைச் சொல்ல அவளுக்கு எவ்வளவு மனசு வேண்டும். மறுநாளிலிருந்து ஒவ்வொரு மாத்திரைக்கும் அவன் நோட்டை நீட்டினான். சிலர் பதில் சொன்னார்கள், சிலர் உச்சுக் கொட்டினார்கள். இவன் விடவில்லை. பக்கத்துக் கட்டில் பெரியவரும் தன் மாத்திரையைக் காட்டி, இது எதற்கு என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்.

ஏழாம் நாள் முடிந்ததும் டாக்டர் பேசிப் பார்க்கச் சொன்னார். மெதுவாக, நாலே வார்த்தை. அவன் என் பக்கம் திரும்பினான். கரகரவென்று வேறு யாருடைய குரலோ போல வந்தது.

"ஏன்டா என் கையப் புடிச்ச?"

நீ பயப்படுகிறாய் என்று நினைத்தேன் என்றேன்.

"பயந்தேன்தான்" என்றான். "ஊசிக்கு இல்லடா. நீயும் அவங்க பக்கம் நின்னுட்டியேன்னு."

நாலு வார்த்தைதான் என்று டாக்டர் கையைக் காட்டி நிறுத்தினார். நான் தலையைக் குனிந்துகொண்டு அழுதேன்.