பெயர்த்தகடு இல்லாத பேலர்

நான் வேலை செய்யும் இடம் ட்ருகனினா என்ற புறநகரில் இருக்கிறது. பழைய விவசாய இயந்திரங்களை வாங்கித் திருத்தி விற்போம். திருத்த முடியாதவற்றைப் பிரித்து உதிரிப்பாகங்களாக விற்போம். பிரிக்கிற வேலை என்னுடையது. ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. இங்கிலிஷில் எழுத்துக் கூட்டி ஒரு சொல்லைச் சொல்லி முடிப்பதற்குள் எதிரே நிற்பவர் போய்விடுவார். அதனால் யாரிடமும் எதையும் கேட்பதில்லை. அடையாளங்களைப் பார்த்து வேலை செய்யப் பழகிக்கொண்டேன்.

அப்படி ஒரு அடையாளம்தான் தகடு. நாங்கள் விற்கும் ஒவ்வொரு இயந்திரத்திலும் முதலாளியின் குடும்பப் பெயர் பொறித்த பித்தளைத் தகடு நான்கு திருகாணிகளால் பூட்டப்பட்டிருக்கும். அவருடைய பூட்டன் கப்பலில் வந்து இறங்கி, குதிரை இழுக்கும் அறுவடை இயந்திரங்களை விற்ற காலத்திலிருந்து அதே தகடு. பிரிக்க வேண்டிய இயந்திரத்தில் மட்டும் அதைக் கழற்றிவிடுவார்கள். குப்பைக்குள் குடும்பப் பெயர் கிடக்கக்கூடாதாம். தகடு இல்லையென்றால் பிரி. முதல் நாளே கையால் காட்டிச் சொல்லித் தந்தார்கள்.

ஒரு புதன்கிழமை காலை கொட்டகைக்குப் பின்னால் ஒரு பேலர் நின்றது. வெட்டிக் காய்ந்த புல்லை அள்ளி, அமுக்கி, கட்டாகக் கட்டி வெளியே தள்ளும் இயந்திரம். தகடு இருந்த இடத்தில் நான்கு துளைகள் மட்டும். நல்ல நிலையில்தானே இருக்கிறது என்று ஒரு கணம் தோன்றியது. கேட்கக் கூச்சம். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே பிரித்து முடித்துவிட்டேன். கயிற்றை முடிச்சுப் போடுகிற இரண்டு நொட்டர்களையும் கழுவித் துடைத்து, உதிரிப்பாகக் கவுண்டரில் நிற்கும் தங்கச்சியிடம் கொடுத்தேன். தங்கச்சி என்றால் கூடப் பிறந்தவரல்ல. யாழ்ப்பாணத்துப் பிள்ளை, எனக்காக இங்கிலிஷ் பேசுகிறவர். அரை மணித்தியாலத்தில் ஒரு நொட்டரை விற்றும்விட்டார்.

பின்னேரம் அவர் ஓடி வந்தார்.

"அண்ணை, பின்னால நிண்ட பேலர் எங்கை?"

தரையில் வரிசையாக அடுக்கியிருந்த இரும்புகளைக் காட்டினேன்.

"ஐயோ கடவுளே! அதை ஏன் பிரிச்சனீங்கள்?"

"தகடு இல்லை."

"தகடு இல்லாட்டி? ஒருக்காக் கேட்டால் வாய் தேஞ்சு போமே?"

அவர் சொல்லித்தான் எனக்கு விஷயம் தெரிந்தது. விற்கிற பத்து இயந்திரங்களுக்கு ஒன்று என்று முதலாளியின் குடும்பம் தங்கள் தேவாலயத்துக்குக் கொடுக்கும். தேவாலயம் அதைக் கஷ்டப்பட்ட ஒரு விவசாயிக்குக் கொடுக்கும். கொடுத்தவர் யாரென்று வாங்குகிறவருக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால் அவர் நாளைக்கு ஒரு போல்ட் வாங்க வந்தாலும் தலை குனிந்துதான் வருவார். அதனால் தகட்டைக் கழற்றிவிட்டுக் கொடுக்கிறார்கள். இது பூட்டன் காலத்து வழக்கம். முதலாளி வாய் திறந்து சொல்வதேயில்லை. தேவாலயத்துப் போதகர் அன்று பேலரைப் பற்றிக் கேட்கப் போன் பண்ணியிராவிட்டால் தங்கச்சிக்கும் தெரிந்திருக்காது.

"குப்பைக்கும் பேரில்லை, தருமத்துக்கும் பேரில்லை. நீங்களும்தான் என்ன செய்யிறது," என்று குரலைத் தணித்தார். "ஆனால் அந்த மனுசன் பாவம் அண்ணை. போன கோடையில மெசின் எல்லாம் நெருப்பில போயிட்டுதாம். சனிக்கிழமை பேலர் வருமெண்டு நம்பிப் புல்லையும் வெட்டிக் காயப் போட்டிட்டார். ஞாயிற்றுக்கிழமை மழையாம்."

புல் நனைந்தால் அவருடைய மாடுகளுக்கு அந்த வருடத் தீனி அவ்வளவுதான்.

முதலாளி வந்தார். எழுபது வயதைத் தாண்டியவர். தரையில் கிடந்த இரும்புகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். என் காதுகள் கொதித்தன. சட்டைப்பையில் இருந்த திருப்புளியை எடுத்துக்கொண்டு முன்பக்கம் நடந்தார். வீதியில் போகிறவர்கள் பார்க்கும்படி, எங்களிடம் இருந்ததிலேயே நல்ல பேலர் அங்கே நின்றது. அதன் தகட்டில் முதல் திருகாணியைக் கழற்றத் தொடங்கினார். ஒரு பெருமூச்சுக்கூட விடவில்லை. கடைக்காரர் ஒருவர் தேநீர்க் கோப்பையைக் கழுவி வைப்பது போல அவ்வளவு சாதாரணமாக அதைச் செய்தார்.

"நோ," என்றேன். அவரிடம் நான் சொன்ன முதல் 'நோ' அதுதான். "சாட்டடே. ஐ டூ." சனிக்கிழமைக்குள் திரும்பப் பூட்டித் தருவேன் என்பதைத்தான் அப்படிச் சொன்னேன்.

அவர் தங்கச்சியைத் திரும்பிப் பார்த்தார். தங்கச்சி தலையாட்டினார். அரைவாசி வெளியே வந்திருந்த திருகாணியை முதலாளி மறுபடி இறுக்கினார்.

விற்றுப்போன நொட்டரைத் திருப்பி வாங்க முடியவில்லை. வாங்கியவர் அதைப் பூட்டி வேலையும் தொடங்கியிருந்தார். இரும்புக் குவியலில் தேய்ந்துபோன மூன்று நொட்டர்கள் கிடந்தன. ஒன்றில் கொக்கி நன்றாக இருந்தது, ஒன்றில் கத்தி, மற்றதில் பல்சில்லு. மூன்றையும் சேர்த்து ஒன்றாக்கினேன். வியாழனும் வெள்ளியும் எப்படிப் போயின என்று தெரியவில்லை. வெள்ளி பின்னேரம் பேலரைத் தேவாலயத்துக்குக் கொண்டுபோனார்கள். அதை ஓட்டிக் காட்ட நானும் போக வேண்டும் என்று போதகர் கேட்டிருந்தார்.

சனிக்கிழமை காலை அங்கே போனேன். கருங்கல் கட்டடம். உள்ளே ஒவ்வொரு வண்ணக் கண்ணாடி ஜன்னலுக்குக் கீழும் அதைக் கொடுத்தவரின் பெயருடன் பித்தளைத் தகடு. கடைசி ஜன்னலுக்குக் கீழே மட்டும், எங்கள் பேலரில் இருந்தது போலவே, கல்லில் நான்கு துளைகள். நான் அங்கேயே நின்றுவிட்டேன். வாசலில் ஒரு பலகை இருந்தது. வெள்ளைக்காரர் வருவதற்கு முன் இந்த நிலம் எந்தப் பழங்குடியினருடையது என்று சொல்லும் பலகை. தன் பள்ளிக்கூடத்தில் இருக்கும் அதே போன்ற ஒன்றை என் மகன் முன்பே எனக்கு வாசித்துக் காட்டியிருக்கிறான். நிலத்தை எடுத்தவர்களும் கப்பலில் வந்தவர்கள்தான். பெயர் போடாமல் கொடுத்த முதலாளியின் பூட்டனும் அவர்களில் ஒருவர்தான். இரண்டையும் சேர்த்து நினைக்க என் படிப்புப் போதாது. ஆனாலும் அந்தத் துளைகளுக்கு முன்னால் சப்பாத்தைக் கழற்ற வேண்டும் போலிருந்தது.

போதகரின் வாகனத்தில் பேலரை இழுத்துக்கொண்டு பண்ணைக்குப் போய்ச் சேர்ந்தபோது மேற்கே வானம் கறுத்திருந்தது. அந்த விவசாயி, மெலிந்த, உயரமான மனிதர், உழவு இயந்திரத்தில் பேலரைக் கொழுவினார். முதல் கட்டு வெளியே வந்து விழுந்து இடது பக்கம் அவிழ்ந்தது. இரண்டாவதும் அப்படியே. நான் சேர்த்துச் செய்த நொட்டர் இருந்த பக்கம். அந்த மனிதர் என்னைப் பார்க்கவில்லை, வானத்தைப் பார்த்தார். அது இன்னும் மோசமாக இருந்தது. இயந்திரத்தை நிறுத்தச் சொல்லிக் கை காட்டிவிட்டுக் கீழே படுத்தேன். கொக்கியின் நாக்கு கயிற்றை இறுகப் பிடிக்கவில்லை. அதன் ஸ்பிரிங்கை அரைச் சுற்று இறுக்கினேன்.

அடுத்த கட்டு விழுந்து, ஒருமுறை உருண்டு, அப்படியே கிடந்தது. அதற்கடுத்ததும் கிடந்தது. வயலின் மறு கரை வரை கட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக விழுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

திரும்பி வந்த மனிதர் இறங்கினார். தகடு இருந்த இடத்தில் பெருவிரலை வைத்து, நான்கு துளைகளையும் தடவி, யார் தந்தது என்று என்னிடம் கேட்டார். மெதுவாக, தெளிவாகத்தான் கேட்டார். எனக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கியது.

"சொறி. நோ இங்கிலிஷ்," என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு சிரித்து, என் எண்ணெய்க் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு ஏறிப் போனார்.

ஞாயிறு மத்தியானம் எங்கள் வீட்டுக் கூரையில் மழை விழுந்தது. குசினியில் நின்ற மனைவியிடம், "புல்லுக்கட்டெல்லாம் உள்ளை போயிருக்கும்," என்றேன். திங்கட்கிழமை முதலாளி என்னிடம் முடிச்சுகளைப் பற்றிக் கேட்டது ஒரே ஒரு சொல்: "நொட்ஸ்?" நானும் ஒரே சொல்லில் பதில் சொன்னேன்: "குட்."

சில மாதங்களுக்குப் பிறகு கொட்டகைக்குப் பின்னால் தகடில்லாத ஒரு விதைப்பு இயந்திரம் நின்றது. ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டுக் கவுண்டருக்குப் போனேன்.

"தங்கச்சி, பின்னால நிக்கிறது குப்பையோ, தருமமோ?"

"அட," என்றார், "அண்ணை வாய் திறந்திட்டார்."