‘லோ சோடியம்’ என்று எழுதியது யார்?

கவி

ஒரு மாதம் இருக்கும். எங்கள் கடலோரக் கிராமத்துப் பெண்கள் குழுவின் முறுக்கு ஷெட். காலை பதினோரு மணி. இரண்டு அடுப்பிலும் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. புர்கா போட்ட ஒரு பெண் வாசலில் வந்து நின்றார். கையில் எங்கள் பாக்கெட். பாதி காலி.

“இங்க யாருங்க பொறுப்பு?”

அஞ்சலை அக்கா எழுந்தார். குழுவுக்குத் தலைவி அவர்தான். மாவுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே, “நான்தாம்மா. உள்ள வாங்க. டீ சாப்பிடுறீங்களா?” என்றார்.

“டீ வேணாங்க. இந்த பாக்கெட் மேல எழுதியிருக்கே... இத யாரு எழுதினது?”

முறுக்கு பிழிகிற கைகள் நின்றன.

“நான்தான்” என்றார் அஞ்சலை அக்கா.

“உங்களுக்கு இங்கிலீஷ் தெரியுமாங்க?”

அக்காவுக்குக் கையெழுத்து மட்டும் போடத் தெரியும். அதுவும் நான் சொல்லிக்கொடுத்தது.

அந்த ஷெட்டில் இங்கிலீஷ் தெரிந்தவள் ஒருத்திதான் இருந்தாள். மூலையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பாக்கெட்டுகளுக்கு ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தாள். அவள் வாயைத் திறக்கவில்லை.

அது நான்.

போன இரண்டு வாரம் இந்தப் பக்கத்தில் என்னைக் காணாமல் சிலர் விசாரித்திருந்தீர்கள். பத்திரிகை ஆசிரியரிடம் காய்ச்சல் என்று சொல்லியிருந்தேன். காய்ச்சல் இல்லை. எழுத உட்கார்ந்தால் வேறு எதையும் எழுத முடியவில்லை... இதை எழுதத் தைரியமும் இல்லை.

முதலில் முறுக்கைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும். மீன் விற்கிற பெண்களுக்கு வேலை இருக்காது. அந்த நேரத்துக்கு ஒரு தொழில் வேண்டும் என்று அஞ்சலை அக்கா கண்டுபிடித்ததுதான் நெத்திலி முறுக்கு. நெத்திலிக் கருவாட்டை வறுத்து அரைத்து, அரிசி மாவு, பொட்டுக்கடலை மாவு, பூண்டு, மிளகு சேர்த்துப் பிழிவார்கள். கருவாட்டு வாடையே தெரியாது. ஒன்று தின்றால் நாலு தின்னத் தோன்றும்.

ஊருக்குள் நன்றாகப் போயிற்று. காரைக்கால் டவுனில் விற்க வேண்டும் என்று ஆசை வந்தது. அங்கே ஒரு ஜிம் வைத்திருப்பவரிடம் நானும் அக்காவும் போனோம். அவர் ஒன்றைக் கடித்துப் பார்த்தார். கண் விரிந்தது.

“சூப்பர் மேடம்! ஆனா முறுக்குன்னு சொன்னா என் பசங்க தொட மாட்டானுங்க. புரோட்டீன் ஸ்நாக்னு போடுங்க. பின்னாடி டேபிள் வேணும். எத்தனை கிராம் புரோட்டீன், எத்தனை கிராம் ஃபேட்... அதப் பாத்துதான் வாங்குவானுங்க. உப்பு எவ்ளோ போடுறீங்க?”

“உப்பே போடுறதில்லங்க” என்றார் அக்கா.

அது உண்மைதான். மாவில் ஒரு சிட்டிகை உப்புகூடப் போடுவதில்லை. கருவாட்டில் இருக்கிற உப்பே ஏராளம். குழம்புக்கு என்றால் வெந்நீரில் இரண்டு மூன்று தடவை அலசிவிட்டுத்தான் சட்டியில் போடுவோம். முறுக்குக்கு அலச முடியாது. ஈரம் பட்டால் நமுத்துப்போகும், நாள் தாங்காது. கடற்கரையில் பிறந்த எந்தப் பெண்ணும் இதை ஒரு விஷயமாக எடுத்துச் சொல்ல மாட்டாள். கருவாடு கரிக்கும் என்று யாராவது யாருக்காவது சொல்வார்களா?

“உப்பே போடலையா? அப்ப முன்னாடி பெருசா லோ சோடியம்னு போடுங்க மேடம்! பறக்கும்!”

காலி புரோட்டீன் டப்பா ஒன்றை மாதிரிக்குக் கொடுத்தனுப்பினார்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். எம்.ஏ. இங்கிலீஷ். ஆஸ்பத்திரிச் சீட்டு, பேங்க் கடிதம், கோர்ட் நோட்டீஸ் — ஊரில் எது வந்தாலும் என் கைக்கு வரும். இப்போது காலேஜ் போகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனாலும் பழக்கம் மாறவில்லை. ‘கவி படிச்சிடுச்சா? அப்ப சரி’ என்பார்கள். நான் படித்துச் சொன்னதை யாரும் இன்னொருவரிடம் போய்ச் சரிபார்த்ததில்லை. எனக்கு அது பிடிக்கும். மறைப்பானேன்... ரொம்பப் பிடிக்கும்.

எனவே லேபிள் வேலையும் எனக்கே வந்தது.

முறையாக லேப்புக்கு அனுப்பிச் சோதித்திருக்க வேண்டும். ரிசல்ட் வர நாளாகும் என்றார்கள். தடைக்காலம் அதற்குள் முடிந்துவிடும். எனக்குத் தெரியாது, லேப்தான் சொல்ல வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் தெரியாது என்று சொல்லிப் பழகாதவள்.

போனை எடுத்து இன்டர்நெட்டில் தேடினேன். காய்ந்த நெத்திலிக்கு ஒரு பக்கம் இருந்தது. பச்சை நெத்திலிக்கு ஒரு பக்கம் இருந்தது. புரோட்டீன் எண்ணைக் காய்ந்த நெத்திலிப் பக்கத்திலிருந்து எடுத்தேன். அங்கேதான் அது அதிகம். சோடியம் எண்ணைப் பச்சை நெத்திலிப் பக்கத்திலிருந்து எடுத்தேன். அங்கேதான் அது குறைவு. எது பார்க்க அழகாக இருந்ததோ அது.

தெரிந்தே செய்தேனா? பாதி தெரிந்தது. மீதியைத் தெரிந்துகொள்ள நான் விரும்பவில்லை.

ஸ்டிக்கர் அச்சாகி வந்த அன்று அக்கா அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த ஒருத்தி முன்பக்கத்தைப் படித்துச் சொன்னாள்.

“சோடியம்னா என்னடி கவி?”

“அதெல்லாம் ஜிம்காரங்க பாஷைக்கா. விடுக்கா.”

உப்பு என்று சொல்லியிருந்தால் அந்த இடத்திலேயே அக்கா ஸ்டிக்கரைக் கிழித்திருப்பார். ‘கருவாட்டுல உப்பு கம்மியா? எவடி சொன்னா?’ என்று ஷெட்டே சிரித்திருக்கும். முறுக்கில் எவ்வளவு உப்பு என்று தெரிந்தவர்களால் லேபிளைப் படிக்க முடியாது. படிக்கத் தெரிந்தவள் அவர்களிடம் கேட்கவில்லை.

இதே பத்தியில்தான், பெரிய கம்பெனிகள் புரோட்டீன் டப்பாவில் பொய் எழுதுகிறார்கள் என்று ஒரு வாரம் முழுக்கத் திட்டியிருந்தேன். சபாஷ் என்று கடிதம் போட்டிருந்தீர்கள். உடம்புக்கு நல்லது என்று விற்கிற தொழிலே இப்படித்தான். முறுக்கு வாங்குகிறவர் ருசி பார்த்து வாங்குவார். ஆரோக்கியம் வாங்குகிறவர் எதைப் பார்த்து வாங்குவார்? யாரோ ஒருவர் எழுதிய எண்ணை நம்பித்தான். அந்த யாரோ ஒருவர் கம்பெனிக்காரராக இருந்தால் சந்தேகப்படுவோம். கடற்கரைப் பெண்கள் கையால் செய்தது என்றால்? சந்தேகப்படக் கூச்சமாக இருக்கும். அதையும் ஸ்டிக்கரில் போட்டிருந்தேன்... ‘கடற்கரைப் பெண்களின் கைப்பக்குவம்.’

ஜிம்மில் நன்றாகப் போனதும் மருந்துக்கடை ஒன்றும் எங்கள் பாக்கெட்டை வாங்கி வைத்தது. வாசலில் நின்ற பெண்ணின் பெயர் ரஹிமா. திருமலைராயன்பட்டினம். அப்பா தையல்காரர்.

“வாப்பாவுக்கு ஹார்ட்டுல பிரச்சினைங்க” என்றார் ரஹிமா. “உப்பு கிட்டவே போவக்கூடாது, புரோட்டீன் நல்லா சாப்பிடணும்னு டாக்டர் சொன்னாங்க. உப்பில்லாத சோத்தைப் பாத்தாலே மூஞ்சியத் திருப்பிக்குவாங்க. இது மருந்துக்கடையில இருந்துச்சு. மருந்துக்கடையில தப்பானத வைப்பாங்களா? சோடியம்னா உப்புன்னு எனக்குத் தெரியும். அதப் படிச்சுப் பாத்துதான் வாங்கினேன். ஒரு மாசமா தினமும் குடுத்தேன். ‘இப்பதான்டி நாக்குக்கு உசுரு வந்துச்சு’ன்னு சாப்பிட்டாங்க. கால் வீங்கிச்சு... படுத்தா மூச்சு முட்டுச்சு. இப்ப ஐ.சி.யூ.ல இருக்காங்க. என்ன குடுத்தீங்கன்னு டாக்டர் கேட்டாங்க. பாக்கெட்டைக் காட்டினேன். ஒரு துண்டை வாயில போட்டுட்டுத் துப்பிட்டாங்க.”

பாக்கெட்டை அக்காவின் கையில் வைத்தார்.

“என் கையால குடுத்தேங்க.”

அஞ்சலை அக்கா என் பக்கம் திரும்பவில்லை. அந்தப் பெண்ணிடம்தான் கேட்டார்.

“சோடியம்னா உப்பாம்மா?”

ரஹிமாவுக்குக் கோபம் அப்போதுதான் வெடித்தது. போனை எடுத்து வீடியோ போட்டார். “பாருங்க, சோடியம்னா என்னன்னே தெரியாது! இவங்கதான் லேபிள் எழுதினாங்களாம்! காசுக்காக மனுஷங்கள...” அக்கா முகத்தை மறைத்துக்கொள்ளவில்லை. “தப்பு எங்க மேலதாம்மா” என்று மட்டும் சொன்னார். பிறகு இரண்டு அடுப்பையும் அணைத்தார். இதுவரை அவை மறுபடி பற்றவில்லை.

வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. ஜிம்மிலிருந்தும் மருந்துக்கடையிலிருந்தும் சரக்கு அன்று மாலையே திரும்பி வந்தது. ஜிம்காரர் என் போனை எடுக்கவில்லை. தடைக்காலம் முடிந்து அக்கா மீன் கூடையோடு மார்க்கெட் போனால், “என்னக்கா, மீனுக்கும் லேபிள் ஒட்டிக் குடுப்பியா?” என்று ஒருத்தி கேட்கிறாள். சுற்றி இருப்பவர்கள் சிரிக்கிறார்கள். இருபது வருடமாக அக்காவிடம் மட்டுமே வாங்கிய வீடுகள் பக்கத்துக் கூடைக்குப் போய்விட்டன. உணவுப் பாதுகாப்பு அதிகாரி வந்து சாம்பிள் எடுத்துப் போனார். பதிவு அக்கா பெயரில். நோட்டீஸும் அக்கா பெயரில் வந்தது.

அந்த நோட்டீஸை என்னிடம்தான் கொண்டுவந்தார். படித்துச் சொல்வதற்கு.

படித்தேன். “நான்தான் எழுதினேன்னு சொல்லிடுறேன்க்கா” என்றேன்.

“அடி செருப்பால!” என்றார். “வாய மூடிக்கிட்டு இரு. நான் மீன்காரி. என்னை நாலு பேரு பேசினா காதுல வாங்காம போவேன். அடுத்த வருஷம் நாலு பொட்டப் புள்ளைங்க காலேஜ் சேரப்போவுது. எதைக் காட்டி அதுங்க அப்பன்காரனுங்கள ஒத்துக்க வச்சோம்? உன்னக் காட்டித்தானே? படிச்சவளே இப்படிப் பண்ணிட்டான்னு தெரிஞ்சா அனுப்புவானுங்களா?”

அன்று ஷெட்டில் “நான்தான்” என்று அவர் ஏன் சொன்னார் என்று அப்போதுதான் புரிந்தது. என்மேல் இருந்த பாசம் மட்டும் காரணம் இல்லை.

ஒரு வாரம் அந்தப் பேச்சுக்குப் பின்னால் நன்றாக ஒளிந்துகொண்டேன். நாலு பிள்ளைகளின் படிப்புக்காக மௌனமாக இருக்கிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். எவ்வளவு கௌரவமான காரணம்!

பிறகு ஒரு நாள் காலையில் மார்க்கெட் வழியாகப் போனேன். கூடை மீன் விலைபோகாமல் அக்கா உட்கார்ந்திருந்தார். அங்கிருந்து நேராக அதிகாரியிடம் போய் எழுதிக் கொடுத்தேன். அவர் படித்தார். கெட்ட மனிதர் இல்லை.

“புரியுதும்மா. ஆனா பதிவு யாரு பேருல இருக்கோ அவங்கதான் பதில் சொல்லணும். உங்க லெட்டரை ஃபைல்ல வச்சிக்கிறேன்.”

அவ்வளவுதான்.

மறுநாள் திருமலைராயன்பட்டினத்துக்குப் போனேன். ரஹிமா கதவைத் திறந்தார். கூடத்தில் தையல் மிஷின்மேல் போர்வை போட்டிருந்தது. அவர் அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். இனி மிஷின் மிதிக்கக் கூடாதாம். கட்டிலில் மூன்று தலையணையில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

“லேபிளை எழுதினது நான்தாங்க” என்றேன்.

என்னையே பார்த்தார்.

“அன்னிக்கி அங்க இருந்தீங்கல்ல? ஸ்டிக்கர் ஒட்டிக்கிட்டு?”

“ஆமா.”

“அந்த அக்காவ நான் அத்தனை பேசினேன். கேட்டுக்கிட்டா உட்கார்ந்திருந்தீங்க?”

“ஆமா.”

“படிச்சவங்கதானே நீங்க?”

இந்தக் கேள்விக்கு வாழ்நாள் முழுக்கத் தலை நிமிர்ந்து ‘ஆமா’ என்று சொன்னவள் நான். அன்று போர்வை போட்ட தையல் மிஷினைப் பார்த்தபடி நின்றேன்.

மன்னிப்புக் கேட்டேன். “அதெல்லாம் எங்கிட்ட கேக்காதீங்க. எனக்கு வரல” என்றார். குரலை உயர்த்தவில்லை. அப்பா எழுந்துவிடுவார் என்று. “வீடியோவ நான் அழிச்சிட்டேன். ஆனா எத்தனையோ பேரு எடுத்து வச்சிக்கிட்டுப் போட்டுக்கிட்டே இருக்காங்க. அதுல அவங்க மூஞ்சிதானே இருக்கு? அதுக்கு என்ன செய்வீங்க? அதச் சொல்லுங்க.”

வரும் வழியெல்லாம் யோசித்தேன். வீடியோவிலிருந்து ஒரு முகத்தை அழிக்க எனக்குத் தெரியாது. நாலு பிள்ளைகளின் அப்பாக்கள் இதைப் படித்துவிட்டு என்ன முடிவு எடுப்பார்கள் என்றும் தெரியாது. அக்கா என்னோடு பேசப் போவதில்லை என்பது தெரியும். ஆனாலும் அந்த வீடியோவைப் பார்த்தவர்களில் சிலராவது இதைப் படிப்பீர்கள்.

அதில் திட்டு வாங்குகிறவர் அந்த லேபிளில் ஒரு எழுத்துகூட எழுதவில்லை. எழுதியவளின் பெயர் இந்தப் பத்தியின் தலைப்புக்குக் கீழே இருக்கிறது.