டிராக்டர் பேட்டரியும் ஒரு டியூப் லைட்டும்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு நான் விடுதலை கொடுத்துவிட்டேன். பிறகு மேற்குத் தாம்பரத்தில் மோட்டார் காயில் கட்டும் கடையில் செப்புக் கம்பி சுற்றினேன். ஒரு காயிலில் கரண்டு விட்டால், பக்கத்தில் ஒட்டாமல் இருக்கும் இன்னொரு காயிலிலும் கரண்டு வரும் என்பது எனக்குத் தெரியும். ஏன் வருகிறது என்று யாராவது கேட்டால் டீ சொல்லப் போய்விடுவேன்.

எண்பதுகளின் கடைசியில் முடிச்சூர் பக்கம் எனக்குப் பெண் பார்த்தார்கள். பெண்ணின் அப்பா நிலத்தில் பாதியை மனை போட்டு விற்றுவிட்டு, மீதியில் ஒரு டிராக்டரை நிறுத்தி வைத்திருந்தார். என் படிப்பை மறைக்க வேண்டி, என் அக்கா புருஷன் அவரிடம் திறமையைக் கொஞ்சம் தாராளமாக அளந்துவிட்டார்.

"மச்சான், அவரு டிராக்டர் பேட்டரிலயே நீ டியூப் லைட்டு எரியவுட்டு காட்டுவேன்னு சொல்லிட்டேன்" என்றார் என்னிடம்.

"எரியலன்னா?"

"பொண்ணு இல்ல. வேற இன்னா?"

நான் கவலைப்படவில்லை. கடையில் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்ற ஒரு டிரான்ஸ்பார்மர் இருந்தது. இருநூற்று முப்பது வோல்ட் உள்ளே போனால் பன்னிரண்டு வெளியே வரும். அதைத் திருப்பிப் போட்டால் பன்னிரண்டு போய் இருநூற்று முப்பது வர வேண்டியதுதானே? சட்டையைத் திருப்பிப் போட்டாலும் சட்டைதானே? இவ்வளவு அறிவை வைத்துக்கொண்டு காயில் சுற்றுகிறேனே என்று என்மேல் எனக்கே பரிதாபம் வந்தது. புதிதாக ஒன்று சுற்றி, அதைப் பழத்தட்டோடு பெண் வீட்டுக்குத் தூக்கிப் போனேன்.

பொழுது சாய்ந்ததும் பெண்ணின் அப்பா மெயினை அணைத்தார். "கரண்டு இல்ல. எங்க, எரியவுடு பாப்போம்."

டிரான்ஸ்பார்மரின் ஒரு பக்கம் அவர்கள் வீட்டு டியூப் லைட்டை மாட்டி, டிராக்டர் பேட்டரியிலிருந்து வயர் இழுத்து மறுபக்கம் முறுக்கினேன். டியூப் லைட் என்னைப் போலவே சும்மா இருந்தது. கொஞ்ச நேரத்தில் பஜ்ஜி வாசனையைத் தாண்டி வார்னிஷ் கருகும் வாசனை வந்தது.

"இன்னா மாப்ள, லைட்டுக்கு பதிலா சாம்பிராணி போடறியா?" என்றார் அவர்.

என் அக்கா புருஷன் திடீரென்று செருப்பைத் தேட ஆரம்பித்தார்.

அப்போது கதவுக்குப் பின்னால் பஜ்ஜித் தட்டோடு நின்றிருந்த பெண் பேசினாள். பிளஸ் டூவில் சயின்ஸ் படித்தவள். "அப்பா, பேட்டரி கரண்டு ஒரே மாதிரி ஓடும். காயில்ல காந்தம் ஏறி எறங்கிகினே இருந்தாத்தான் அந்தப் பக்கம் கரண்டு வரும். வூட்டு கரண்டு தானா மாறும், இது மாறாது. அவர அந்த வயர எடுக்கச் சொல்லு."

எடுத்தேன். வயரில் பொறி பறந்தது. டியூப் லைட் ஒரு கணம் பளிச்சிட்டு அணைந்தது. அந்தக் கணத்தில் அவள் முகத்தைப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"திரும்ப வெச்சி எடுக்கச் சொல்லு."

வைத்தேன், எடுத்தேன். வைக்கும்போது ஒன்றும் இல்லை, எடுக்கும்போதெல்லாம் பளிச். பதினைந்து வருஷம் காயில் சுற்றியும் புரியாதது, மாமியார் வீடாகப் போகிறதா இல்லையா என்று தெரியாத வீட்டில், கை சுட்டபடி புரிந்தது. காயிலுக்குக் கரண்டு இருந்தால் போதாது, மாற வேண்டும்.

"எவ்ளோ நேரம் இப்டியே பண்ணிகினு இருப்ப?" என்றார் அப்பா.

"நீங்க பொண்ணு தரேன்னு சொல்ற வரிக்கும் மாமா."

அவர் உள்ளே திரும்பிப் பார்த்தார். "நீ இன்னாம்மா சொல்ற?"

"நிறுத்தச் சொல்லுப்பா. பேட்டரி செத்துடும்."

அவ்வளவுதான் என்று டிரான்ஸ்பார்மரைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். வீடு வரைக்கும் அது என் கையைச் சுட்டது. ரெண்டு நாள் கழித்து சம்மதம் என்று ஆள் வந்து சொன்னதும், என் அக்கா புருஷன் எல்லாம் தன் பேச்சுத் திறமை என்றார்.

கல்யாணம் ஆனபின் அவளிடமே கேட்டேன், லைட்டை எரிய வைக்கத் தெரியாதவனை ஏன் கட்டிக்கொண்டாய் என்று.

"அந்த வூட்ல நா சொன்னத யாரு கேட்டாங்க? நீ ஒருத்தன்தான் வையின்னா வெச்ச, எடுன்னா எடுத்த."

இன்றைக்கும் அதே வேலைதான். பளிச் மட்டும் எப்போதாவது வருகிறது.