வரப்போரம் வளர்ந்த கஞ்சா

எண்பதுகளில் ஒரு சமயம், கஞ்சாவை ஒழித்தே தீருவது என்று சர்க்கார் கங்கணம் கட்டிக்கொண்டது. ஒழிக்க வந்த ஸ்பெஷல் போலீஸ் எல்லாம் தெற்கத்தி ஆட்கள். கஞ்சாச் செடியைப் படத்தில் பார்த்திருந்தார்கள் போல. விரித்த விரல் மாதிரி இலை. பாகலூர்ப் பக்கம் அப்படி இலை விட்டுக்கொண்டு நின்றது எங்கள் புளிச்சக்கீரைதான்.

எங்கள் ஊரில் கேழ்வரகுக் கொல்லையைச் சுற்றிப் புளிச்சக்கீரை போடாத வீடு கிடையாது. என் வீட்டுக்காரர் அதைப் பறிக்காமல் ஆளுயரத்துக்கு விட்டுவைத்திருந்தார். நாரெடுத்து மாட்டுக்குக் கயிறு திரிக்கப் போகிறாராம். சோம்பேறித்தனத்துக்கு அவர் வைத்த பெயர் அது. ஓசூரில் ஒரு வண்டிக் கம்பெனியில் அவருக்கு வேலை ஏறக்குறைய முடிவாகியிருந்தது. அடுத்த வாரம் மெடிக்கல் டெஸ்ட் மட்டும் பாக்கி. அதற்குள்ளாகவே துரைக்குக் கால் தரையில் பாவவில்லை. யூனிஃபார்முக்கு எந்த டெய்லர் என்பது வரை யோசித்து வைத்திருந்தார்.

ஜீப்பைப் பார்த்தும் அந்த வாய் அடங்கவில்லை. சப்-இன்ஸ்பெக்டர் செடியைக் காட்டி, "என்னலே இது?" என்று கேட்டிருக்கிறார்.

"கஞ்சாதாங்க சார். கடைஞ்சி களிக்கு ஊத்திக்கினா நல்லா தூக்கம் வரும்" என்றாராம் இவர்.

இடது காதைச் சேர்த்து விட்டார் சப்-இன்ஸ்பெக்டர் ஓர் அறை. அதோடு நிற்காமல் லத்தியாலும் வெளுத்து, செடிகளை வேரோடு பிடுங்கிக் கட்டி, ஆளையும் கீரைக்கட்டையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

சேதி வந்தபோது அடுப்பில் அதே கீரைதான் வெந்துகொண்டிருந்தது. எனக்குப் பயம்தான், ஆனால் கோபம் அதைவிடப் பெரிதாக இருந்தது. கடைந்து, களி கிளறித் தூக்குச்சட்டியில் போட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போய் மேஜை மேல் வைத்தேன்.

"இதாங்க அந்தக் கஞ்சா. நீங்களே தின்னுட்டு கேஸ் எழுதுங்க."

சப்-இன்ஸ்பெக்டர் பாம்பைப் பார்ப்பதுபோல் தூக்கைப் பார்த்தார். உள்ளூர் ஹெட் கான்ஸ்டபிள்தான் விரலால் தொட்டு நக்கினார். "சார், கீரை சார். எங்க வீட்லயும் செய்வாங்க. பூண்டு தூக்கலா போட்டிருக்காங்க" என்றார். பிறகு சப்-இன்ஸ்பெக்டரும் ருசி பார்த்தார். பார்த்தவர் இன்னோர் உருண்டை களி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். ஸ்டேஷனே சிரித்தது. உள்ளே உட்கார்ந்திருந்த இவரும் வீங்கிய முகத்தோடு சிரித்தார். வெட்கக்கேடு, நானும் சிரித்தேன்.

"கூட்டிட்டுப் போம்மா. இவன் வாயைக் கொஞ்சம் கட்டிப் போடு" என்று அனுப்பிவைத்தார்கள். பிடித்து வந்த கீரைக்கட்டு மட்டும் திரும்பவில்லை. அது ஹெட் கான்ஸ்டபிள் வீட்டு அடுப்புக்குப் போயிருக்கும்.

ஊரில் எங்களுக்குக் கஞ்சா வீடு என்று பெயர் விழுந்தது. இவரும் அந்தக் கதையைப் போகிற இடமெல்லாம் நடித்துக் காட்டினார். காதில் மட்டும் வண்டு ரீங்கரிக்கிறது என்றார். எண்ணெய் காய்ச்சி விட்டேன். தின்ற களி அந்த சப்-இன்ஸ்பெக்டருக்குச் செரித்திருக்கவே கூடாது என்று இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

மெடிக்கலுக்கு நானும் கூடப் போனேன். கதவு திறந்தே இருந்தது. டாக்டர் இவருக்குப் பின்னால் நின்று மெதுவாக ஏதாவது சொல்வார், இவர் திருப்பிச் சொல்ல வேண்டும். வலது பக்கம் எல்லாவற்றையும் பள்ளிக்கூடப் பையன்போலக் கணீரென்று சொன்னார். டாக்டர் அந்தக் காதைப் பொத்திக்கொண்டு இடது பக்கம் வந்தார். அவர் உதடு அசைவது எனக்குத் தெரிந்தது. கொஞ்சம் நிறுத்தி, மறுபடியும் அசைந்தது.

இவர் நிமிர்ந்து உட்கார்ந்து, முகமெல்லாம் சிரிப்பாக, "நான் ரெடிங்க சார், நீங்க ஆரம்பிங்க" என்றார்.