பஸ்ஸக்காவின் ஆர்க்கிட் கூடாரம்

பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள் என்பதால் தெருவுக்கே அவள் பஸ்ஸக்கா. நாள் முழுக்க ஊரான் பிள்ளைகளின் கூச்சல். வீட்டுக்கு வந்தால் ஹாலில் புருஷனின் டிவி, படுக்கையறையில் நாத்தனாரின் பெட்டிகள். தனக்கென்று ஓர் இடம் வேண்டும் என்று அவள் சொன்னதை வீட்டில் ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சரிதான் போங்கள் என்று மொட்டை மாடியில் ஆர்க்கிட் பூச்செடி வளர்க்கத் தானே ஒரு கூடாரம் கட்டிக்கொண்டாள்.

இரும்புக் குழாயை வளைத்துச் சட்டம் போட்டாள். மேலே பிளாஸ்டிக் தாள், அதன்மேல் பாதி வெயிலை மட்டும் விடும் பச்சை வலை. காற்று தேங்கினால் ஆர்க்கிட் அழுகிவிடும். அதற்காக இரண்டு பக்கமும் திறப்பு, ஒரு பழைய மின்விசிறி. ஈரம் நிற்கத் தரையெல்லாம் ஜல்லி. தொட்டிகளில் மண் கிடையாது, கரித்துண்டும் மரப்பட்டையும்தான். சில செடிகளுக்கு அதுவும் வேண்டாம். மரக்கூடையில் தொங்கிக்கொண்டு, வேரைக் காற்றில் நீட்டியே ஈரம் குடிக்கும்.

கட்டி முடித்த மறுநாளே நாத்தனார் உள்ளே கொடி கட்டித் துணி காயப்போட்டாள். "சும்மாதானே கெடக்கு அண்ணி?"

சும்மாவாம்! முதுகு ஒடியக் கட்டியது இவர்களுக்குச் சும்மா. பஸ்ஸக்கா ஈரத்துணியை அள்ளிவந்து சோபாவில் போட்டாள்.

அந்த வருஷம்தான் கூடையில் தொங்கிய ஊதா ஆர்க்கிட் முதன்முறையாக மொட்டு விட்டது. அந்த நேரம் பார்த்து, மகள் வீட்டில் பேத்திக்குக் காய்ச்சல். போகாமல் முடியுமா? தண்ணீர் தெளிக்கிற வேலையைப் புருஷனிடம் விட்டாள்.

"தெளிச்சா மட்டும் போதுங்க. வேற எதையும் தொடாதீங்க."

மனுஷர் சலூன் வைத்திருக்கிறார். தொழிலில் கெட்டிக்காரர்தான்; ஒற்றை முடி நீட்டிக்கொண்டிருந்தாலும் கை சும்மா இருக்காது. அவள் திரும்பி வந்து மாடியேறிப் பார்த்தால், தொங்கிய வேர்களையெல்லாம் கூடையோடு ஒட்ட வெட்டியிருந்தார். கீழே பெருக்கியும் விட்டிருந்தார்.

"எப்படி இருக்கு? தாடி மாதிரி கண்டபடி தொங்கிச்சு. நேர் பண்ணி விட்டேன்."

"அய்யோ, அது வேருங்க! அதுலதான் செடி தண்ணி குடிக்குது!"

"வெட்டுனா வளராதா?"

மொட்டுகள் சுருங்கிப் பழுத்திருந்தன. தொட்டதும் கையோடு வந்தன. அவளுக்கு அழுகை வரவில்லை, பற்றிக்கொண்டுதான் வந்தது.

"இத்தனை வருஷமா கடை வச்சிருக்கீங்க. ஒரு நாளாவது நான் வந்து உங்க கத்தரிக்கோலைத் தொட்டிருக்கேனா? நாற்காலிய நகர்த்தியிருக்கேனா?"

"அது கடைம்மா. அது வேற. இது வந்து..."

"சொல்லுங்க. இது என்ன?"

அவர் கீழே இறங்கிப் போய் டிவியைப் போட்டுக்கொண்டார்.

மறுநாள் காலையில் தண்ணீர் வாளியோடு வந்து கூடார வாசலில் நின்றார்.

"உள்ள வரட்டுமா?"

கல்யாணமாகி இன்றுவரை அவர் அவளிடம் கேட்டுச் செய்த காரியம் ஒன்றுகூடக் கிடையாது. வேரிழந்த செடிகளுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"வேணாம்," என்றாள்.